வாசலில் தொடங்கும் சிகிச்சை: ஏழை நாட்டு மருத்துவமனைகளில் குழந்தைகளைக் காப்பது எது?

ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஏழை நாடுகளின் அரசு மருத்துவமனைகளில் இறக்கும் குழந்தைகளில் கணிசமான பங்கு, வந்து சேர்ந்த முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே இறந்துவிடுகின்றன. 'மிகத் தாமதமாகக் கொண்டுவந்தார்கள்' என்று கேஸ் ஷீட்டில் எழுதி மூடிவிடுவது வழக்கம். அதில் பாதி உண்மைதான். வீட்டிலும் வழியிலும் நேரம் போயிருக்கும். மீதித் தாமதம் மருத்துவமனைக் கதவுக்கு உள்ளே நடக்கிறது. ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, எடை பார்க்க ஒரு வரிசை, மருத்துவரைப் பார்க்க ஒன்று, ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, மருந்து வாங்க இன்னொன்று. சளிக்காக வந்த குழந்தையும் மூச்சுக்குத் திணறும் குழந்தையும் அந்த வரிசைகளில் வந்த முறைப்படியே நிற்கின்றன.

2001இல் வெளியான ஓர் ஆய்வு, 7 நாடுகளில் 8 பயிற்சி மருத்துவமனைகளையும் 13 மாவட்ட மருத்துவமனைகளையும் நேரில் பார்த்து மதிப்பிட்டது. கவனிக்கப்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு ஆன்டிபயாடிக், திரவம், உணவு, ஆக்சிஜன் ஆகியவற்றில் ஏதோ ஒன்று போதாமலோ தவறாகவோ கொடுக்கப்பட்டிருந்தது. மருந்துத் தட்டுப்பாடும் இருந்தது. அதோடு முதலில் யாரைப் பார்ப்பது என்ற ஒழுங்கு இல்லாததும், சேர்த்தபின் மறுபடி போய்ப் பார்க்காததும் சேர்ந்துகொண்டன. இந்தக் கடைசி இரண்டையும் சரிசெய்யப் புதுக் கட்டடமோ புது மருந்தோ தேவையில்லை.

மலாவியின் பிளான்டயர் நகரிலுள்ள குவீன் எலிசபெத் மத்திய மருத்துவமனை இதற்குத் தெளிவான சான்று. அங்கே ஐந்து வயதுக்குட்பட்டோர் பிரிவில் தடுப்பூசியும் வெளிநோயாளி சிகிச்சையும் அவசர சிகிச்சையும் ஒரே இடத்தில் நடந்தன. உள்நோயாளியாகச் சேர்த்த குழந்தைகளில் 10 முதல் 18 சதவீதம் இறந்தன. பிரிவின் உள்ளமைப்பை மாற்றினார்கள். ஊழியர்களுக்கு அவசர சிகிச்சையிலும் நோயாளிகளைத் தரம் பிரிப்பதிலும் பயிற்சி கொடுத்தார்கள். குழந்தை எந்த வழியாக வந்து எந்த வழியாக வார்டுக்குப் போக வேண்டும் என்பதை ஒழுங்குசெய்தார்கள். வெளிநோயாளிப் பிரிவும் வார்டும் சேர்ந்து வேலை செய்யும்படி ஆக்கினார்கள். 2001 ஜனவரியில் பிரிவு மறுபடி திறந்தது. அதன்பின் இறப்பு 6 முதல் 8 சதவீதமாக இறங்கியது.

தரம் பிரிப்பு என்றால் என்ன செய்கிறார்கள்?

ட்ரையாஜ் என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் இந்த வேலைக்கு மருத்துவர் தேவையில்லை. பயிற்சி பெற்ற நர்ஸ் செய்யலாம். வாசலில் நிற்கும் காவலாளிக்கும் சீட்டு எழுதும் எழுத்தருக்கும்கூட அபாயக் குறிகளைச் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு குழந்தைக்கு ஒரு நிமிடம் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி முதலில் பார்க்க வேண்டியவை அவசரக் குறிகள். மூச்சு இருக்கிறதா, அடைத்திருக்கிறதா, நாக்கு நீலமாக இருக்கிறதா, மூச்சுக்குக் கடுமையாகத் திணறுகிறதா? கை சில்லிட்டிருக்கிறதா? சில்லிட்டிருந்தால் நகத்தை அழுத்தி விட்டு நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆகிறதா, நாடி வலுவில்லாமல் வேகமாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருக்கிறதா, வலிப்பு வந்துகொண்டிருக்கிறதா? வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையென்றால் சோர்வு, குழிந்த கண், கிள்ளிய தோல் மிக மெதுவாகத் திரும்புவது ஆகியவற்றில் இரண்டு உண்டா? இவற்றில் ஒன்று இருந்தாலும் சீட்டு, எடை, முகவரி எல்லாம் பிறகு. குழந்தையை அங்கேயே தூக்கிப் போய் சிகிச்சை தொடங்க வேண்டும்.

அவசரக் குறி இல்லாவிட்டால் அடுத்த அடுக்கு. இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசு, கடும் காய்ச்சல், உள்ளங்கை வெளுப்பு, விஷம் குடித்தது, தீக்காயம், கடும் வலி, எலும்பும் தோலுமான மெலிவு, இரு பாதங்களிலும் வீக்கம், வேறிடத்திலிருந்து அனுப்பப்பட்ட குழந்தை ஆகியோர் வரிசையின் முன்னால் வர வேண்டும். மற்றவர்கள் காத்திருக்கலாம்.

இங்கே வழக்கமாக நேரும் தவறு ஒன்று உண்டு. காலை 8 மணிக்குத் தரம் பிரிப்பதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். 8 மணிக்கு விளையாடிக்கொண்டிருந்த மலேரியாக் குழந்தைக்கு 11 மணிக்கு வலிப்பு வரும். காத்திருக்கும் பெஞ்சுகளை ஒருவர் திரும்பத் திரும்பச் சுற்றிவர வேண்டும். பெஞ்சு நர்ஸின் கண்ணுக்கு எட்டும் இடத்தில் இருப்பதும் அதனால்தான் முக்கியம். சுவருக்கு மறுபுறம் பெஞ்சு இருக்கும் மருத்துவமனையில் எந்தப் பயிற்சியும் பயன்படாது.

இன்னொரு தவறு அவசர அறையில். குழந்தையை ஓடிப்போய்க் கொண்டுவந்த பிறகு சர்க்கரை அளக்கும் பட்டை பீரோவில் பூட்டியிருக்கும், சாவி தலைமை நர்ஸிடம் இருக்கும். நினைவு தப்பிய குழந்தைக்கு ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 45 மி.கி.க்குக் கீழே (கடும் மெலிவுள்ள குழந்தைக்கு 54க்குக் கீழே) இருந்தால் 10 சதவீத குளுக்கோஸ், கிலோவுக்கு 5 மி.லி. நரம்பு வழியே கொடுக்க வேண்டும். அளக்க முடியாவிட்டால் குறைவு என்றே வைத்துக்கொண்டு கொடுத்துவிட வேண்டும். பல இடங்களில் கையிருப்பில் இருப்பது 50 சதவீத குளுக்கோஸ் அடைத்த ஆம்பூல் என்ற சிறு குப்பிதான். 8 கிலோ குழந்தைக்கு 40 மி.லி. வேண்டும்: 8 மி.லி. ஆம்பூல் மருந்து, 32 மி.லி. ஊசிக்கான நீர். கையில் 25 சதவீத ஆம்பூல் இருந்தால் 16 மி.லி.யும் 24 மி.லி.யும். குழந்தை மடியில் துவண்டு கிடக்கும்போது இந்தக் கணக்கை மனதில் போடச் சொல்லக் கூடாது. எடைவாரியாக அட்டையில் எழுதி, அந்த மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். நரம்பு கிடைக்கவில்லையென்றால் ஒரு டீஸ்பூன் சர்க்கரையை ஓரிரு சொட்டுத் தண்ணீரில் நனைத்து நாக்குக்கு அடியில் வைக்கலாம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப வைக்க வேண்டும். மருந்துக்கடைக்கு ஆள் அனுப்பிவிட்டுச் சும்மா காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆக்சிஜன்: கருவியும் அதைச் சுற்றிய வேலையும்

நிமோனியாவில் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு. ஆன்டிபயாடிக் வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் வேண்டும். அதுவரை குழந்தையைத் தாங்கிப் பிடிப்பது ஆக்சிஜன். உதடு நீலமாவதைப் பார்த்து முடிவெடுத்தால் பல குழந்தைகளைத் தவறவிடுவோம். கருத்த மேனியிலும், ரத்தசோகை உள்ள குழந்தையிலும் நீலம் தெரியாது. அதனால்தான் ரத்தத்திலுள்ள ஆக்சிஜனை விரலில் மாட்டி அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இன்றியமையாதது. அளவு 90 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆக்சிஜன் வைக்க வேண்டும். அவசரக் குறி உள்ள குழந்தையென்றால் 94க்குக் கீழேயே.

பாப்புவா நியூகினியில் டிரெவர் டியூக்கும் அவருடைய சகாக்களும் 5 மருத்துவமனைகளில் ஆக்சிமீட்டர், ஆக்சிஜன் செறிவூட்டி, சிகிச்சை நெறிமுறை, பயிற்சி நான்கையும் ஒன்றாகக் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய 2001-04 காலத்தில் 7,161 நிமோனியாக் குழந்தைகளில் 356 இறந்தன, 4.97 சதவீதம். பிறகு 2005-07இல் 4,130 பேரில் 133, 3.22 சதவீதம். இறக்கும் அபாயம் 35 சதவீதம் குறைந்தது. சிகிச்சை பெற்ற ஒரு குழந்தைக்கு ஆன செலவு 51 டாலர். நைஜீரியாவின் தென்மேற்கில் 12 மருத்துவமனைகளில் நடந்த பிந்தைய ஆய்விலும் ஆக்சிமீட்டர் வழக்கத்துக்கு வந்த கட்டத்திலேயே நிமோனியா இறப்பு குறைந்தது. யாருக்கு ஆக்சிஜன் வேண்டும் என்று தெரிந்ததும் இருக்கிற ஆக்சிஜனே சரியான குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது.

சிலிண்டரை ஏன் நம்ப முடியவில்லை? 7,000 லிட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் ஒரே குழந்தைக்கு வைத்தால் 58 மணி நேரம் வரும். மூன்று குழந்தைகள் என்றால் ஒரு நாள் தாங்காது. மலைப்பாதையில் லாரி வர வேண்டிய ஊரில் இது எப்படி நடக்கும்? செறிவூட்டி வேறு வகை. 2021 கோவிட் அலையில் தமிழ்நாட்டில் பல வீடுகளுக்குள் வந்த அதே இயந்திரம்தான். அறைக் காற்றை உள்ளே இழுத்து, ஜியோலைட் நிரப்பிய இரண்டு குழாய்களில் மாறி மாறி அழுத்தி, நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஏறக்குறைய 93 சதவீத ஆக்சிஜனை வெளியே விடுகிறது. 5 லிட்டர் இயந்திரத்துக்கு சுமார் 350 வாட் மின்சாரம். அளவுமானியுள்ள பிரிப்பான் ஒன்றைப் பொருத்தினால் நான்கு கைக்குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் கொடுக்கலாம்: பிறந்த சிசுவுக்கு நிமிடத்துக்கு அரை முதல் 1 லிட்டர், கைக்குழந்தைக்கு 1 முதல் 2 லிட்டர்.

கெட்டுப்போவதும் இங்கேதான். சுவரோடு ஒட்டி வைத்தால் சூடேறுகிறது. வாரம் ஒருமுறை கழுவிக் காயவைத்துப் போட வேண்டிய தூசி வடிகட்டி மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. ஈரக் காற்று உள்ளே போய் ஜியோலைட் கெடுகிறது. மின்னழுத்தம் ஏறி இறங்கி எலெக்ட்ரானிக் போர்டு எரிகிறது. ஸ்டெபிலைசர் வாங்கத்தான் பட்ஜெட்டில் இடமில்லை. எல்லாவற்றிலும் மோசமானது, ஜியோலைட் கெட்டபின்னும் இயந்திரம் வழக்கம்போல உறுமிக்கொண்டிருக்கும், அளவுமானியில் குண்டு 2 லிட்டரில் நிற்கும், குழாயிலிருந்து காற்றும் வரும். வருவது வெறும் அறைக் காற்றுக்குக் கொஞ்சம் மேலானது என்பது யாருக்கும் தெரியாது. ஆக்சிஜன் சதவீதத்தை அளக்கும் கையடக்கக் கருவியால் ஒவ்வொரு இயந்திரத்தையும் வாரம் ஒருமுறை பார்த்துப் பதிவேட்டில் எழுதினால் மட்டுமே இதைக் கண்டுபிடிக்கலாம். 85க்குக் கீழே வந்தால் இயந்திரத்தை வார்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். நன்கொடையாக வந்த இயந்திரங்கள் உதிரிபாகம் இல்லாமல் ஸ்டோர் ரூமில் அடுக்கியிருப்பதைப் பல நாடுகளில் பார்க்கலாம். இயந்திரத்தோடு இரண்டு ஆண்டுக்கான வடிகட்டியும், பழுதுபார்க்கத் தெரிந்த ஒரு டெக்னீஷியனின் சம்பளமும் வரவில்லையென்றால் அந்த நன்கொடையை ஏற்காமலிருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

ஆக்சிமீட்டருக்கும் தன் சங்கடங்கள் உண்டு. பெரியவர் விரலுக்கான கிளிப் கைக்குழந்தையின் விரலில் நிற்காது. கால் பெருவிரலில் சுற்றும் சென்சார் வேண்டும். கால் சில்லிட்டிருந்தால், குழந்தை உதறினால் எண் பொய் சொல்லும். திரையில் நாடியின் அலை ஒரே சீராக வரும்வரை காத்திருந்து, அது காட்டும் நாடித் துடிப்பும் கையால் எண்ணியதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தபிறகே எண்ணை எழுத வேண்டும். ஆக்சிஜனை எப்போது எடுப்பது என்பதும் அதே அளவு முக்கியம். தினமும் ஒருமுறை, நிலை தேறிய குழந்தையிடமிருந்து குழாயை எடுத்து 15 நிமிடம் கழித்து அளந்து பார்க்க வேண்டும். இதை யாரும் செய்யாத வார்டில், தேறிய குழந்தை இரண்டு நாள் கூடுதலாகக் குழாயோடு கிடக்கும். புதிதாக வந்த குழந்தைக்கு ஆக்சிஜன் முனை கிடைக்காது.

ஒரே கருவி, இரண்டு முடிவுகள்

டாக்காவில் ஐசிடிடிஆர்,பி என்ற சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையத்தின் மருத்துவமனையில் முகம்மது ஜோபாயர் சிஷ்டியின் குழு 'பப்ள் சிபாப்' என்ற எளிய ஏற்பாட்டைச் சோதித்தது. குழந்தை மூச்சு விடும் குழாயின் மறுமுனையை ஒரு பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீரில் அமிழ்த்துகிறார்கள். எத்தனை சென்டிமீட்டர் ஆழமோ அத்தனை அழுத்தம் நுரையீரலின் காற்றறைகளை மூடிவிடாமல் திறந்து வைக்கிறது. 2015இல் வந்த முடிவில், இதைப் பெற்ற 79 குழந்தைகளில் 3 இறந்தன. சாதாரண ஆக்சிஜன் பெற்ற 67 பேரில் 10.

உடனே எல்லா ஊரிலும் பாட்டிலை மாட்டிவிடலாம் என்று தோன்றும். மலாவியின் சலிமா மாவட்ட மருத்துவமனையில் 2019இல் வெளியான சோதனை அதற்கு நேர்மாறாக முடிந்தது. கடும் நிமோனியாவோடு எச்.ஐ.வி. தொடர்பு, கடும் மெலிவு அல்லது ஆக்சிஜன் குறைவு இருந்த 644 குழந்தைகளில், சிபாப் பெற்றவர்களில் 17 சதவீதமும் சாதாரண ஆக்சிஜன் பெற்றவர்களில் 11 சதவீதமும் இறந்தன. நோயாளிகள் ஒரே மாதிரியானவர்கள் அல்ல. அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். டாக்காவில் பயிற்சி பெற்ற மருத்துவர்களும் நர்ஸ்களும் தொடர்ந்து கண்காணித்தார்கள். சலிமாவில் மருத்துவர் தினமும் மேற்பார்வை பார்க்கும் வசதி இல்லாத சாதாரண வார்டு. அழுத்தக் காற்று வயிற்றுக்குள்ளும் போகும். வயிறு உப்பி வாந்தியெடுத்தால் அது நுரையீரலுக்குள் போகலாம். மூக்குக் குழல் நழுவினால் அழுத்தமே இருக்காது. இவற்றைக் கண்டுபிடிக்கும் கண்கள் படுக்கையருகே இருக்க வேண்டும். அவை இல்லாத இடத்தில் சாதாரண மூக்குக் குழல் ஆக்சிஜனே பாதுகாப்பு.

டிரிப் விஷயத்திலும் இதே பாடம் கிடைத்தது, அதுவும் கடும் விலையில். காய்ச்சலோடு கைகால் சில்லிட்டு வரும் குழந்தைக்குத் திரவத்தை வேகமாக ஏற்றுவது பணக்கார நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்த வழக்கம். உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் நடந்த ஃபீஸ்ட் சோதனை 2011இல் வெளிவந்தது. வேகமாக ஏற்றிய இரு பிரிவுகளிலும் 48 மணி நேரத்தில் 10.6, 10.5 சதவீதம் இறந்தன. மெதுவாக மட்டும் கொடுத்த பிரிவில் 7.3. சோதனையையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைகள் இந்தச் சோதனையில் இல்லை; அவர்களுக்குத் திரவம்தான் மருந்து. இந்த வேறுபாட்டை மறந்து 'டிரிப்பே ஆபத்து' என்று ஒரேயடியாக நிறுத்திவிட்டால் அதிலும் குழந்தைகள் இறக்கும்.

இரவு நேரப் பால்

கடும் ஊட்டக்குறையுள்ள குழந்தையின் சிகிச்சையில் விலையுயர்ந்த பொருள் எதுவும் இல்லை. எஃப்-75 என்ற பால் கலவை, கதகதப்பு, ஆன்டிபயாடிக், பொறுமை. 6 கிலோ குழந்தைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 65 மி.லி., நாளுக்கு 12 தடவை. உடல் முழுக்க வீக்கம் இருந்தால் அளவு இன்னும் குறைவு. இந்தக் குழந்தையின் இதயமும் சிறுநீரகமும் பலவீனமாக இருப்பதால் ஒரேயடியாகக் கொடுத்தால் தாங்காது. வீக்கத்துக்கு நீர் மாத்திரை கொடுப்பதும், வெளுத்திருக்கிறதே என்று முதல் வாரமே இரும்புச்சத்து கொடுப்பதும் நல்லெண்ணத்தில் செய்யப்படும் ஆபத்தான தவறுகள். இரும்பு, எடை ஏறத் தொடங்கியபின்தான்.

பன்னிரண்டு தடவையில் நான்கு, இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் வரும். முழு வார்டுக்கும் ஒரே நர்ஸ் இருக்கும் இரவில் தவறுவது அவைதான். விடியற்காலையில் குழந்தையின் சர்க்கரையும் உடற்சூடும் ஒன்றாகச் சரிந்திருக்கும். 'அமைதியாகத் தூங்குகிறது' என்று எழுதப்படுவது உண்மையில் மயக்கமாக இருக்கும். இரவுப் பால் கலவையை மாலையிலேயே தயாரித்துக் குளிர்பெட்டியில் வைப்பது, அளவுக் கோப்பையைத் தாயின் கையில் கொடுத்து நேரம் சொல்லிக்கொடுப்பது, தொட்டில் போடாமல் தாயின் நெஞ்சோடு போர்த்திப் படுக்கவைப்பது, ஊட்டியதும் அட்டையில் தாயே கோடு போடுவது என்று செய்யும் வார்டுகளில் இரவுகள் தாண்டப்படுகின்றன. தாய்க்குச் சாப்பாடும் படுக்க இடமும் கொடுத்தால்தான் இது நடக்கும். பல மருத்துவமனைகள் இதற்கு ஒரு பைசாகூட ஒதுக்குவதில்லை. தாய் தரையில் பட்டினி கிடக்கும் வார்டில் குழந்தைக்கு இரவு 2 மணிப் பால் யார் கொடுப்பது?

பயிற்சி ஏன் தங்குவதில்லை?

கென்யாவில் 8 மாவட்ட மருத்துவமனைகளில் ஒன்றரை ஆண்டு நடந்த சோதனை 2011இல் வெளியானது. நான்கு மருத்துவமனைகளுக்கு ஐந்தரை நாள் பயிற்சி, நாட்டுக்கேற்ற சிறு கையேடு, அச்சடித்த அட்மிஷன் படிவம், உள்ளேயே பணிபுரியும் ஒரு வழிகாட்டி, அவ்வப்போது மேற்பார்வையும் மதிப்பீட்டறிக்கையும் கிடைத்தன. மற்ற நான்குக்கு இதில் குறைந்த அளவே. முடிவில், சேர்க்கும்போது செய்ய வேண்டிய பரிசோதனைகளில் முதல் நான்கில் 94 சதவீதமும் மற்றவற்றில் 65 சதவீதமும் செய்யப்பட்டிருந்தன. படிவத்தின் பங்கைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. வெற்றுத்தாளில் எழுதும்போது இளம் மருத்துவர் 'காய்ச்சல், இருமல், மலேரியா' என்று மூன்று சொல் எழுதி நகர்ந்துவிடுவார். படிவத்தில் எடை, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, நினைவு நிலை, உள்ளங்கை நிறம் என்று கட்டங்கள் இருந்தால் காலிக் கட்டம் கண்ணை உறுத்தும். எடை எழுதாமல் மருந்தளவு எழுத முடியாது என்ற பழக்கமும் அதிலிருந்துதான் வருகிறது.

ஆனால் பயிற்சி பெற்ற நர்ஸை ஆறு மாதத்தில் மகப்பேறு வார்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். இன்டர்ன்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறார்கள். ஒருமுறை வகுப்பெடுத்துச் சான்றிதழ் கொடுத்துப் போய்விடும் திட்டங்கள் ஓராண்டில் தடயமின்றி மறைவதற்குக் காரணம் இதுதான். குழந்தைகள் வார்டில் நர்ஸ்களைக் குறைந்தது இரண்டு ஆண்டு நிறுத்தி வைக்கும் உத்தரவு, புதிதாக வரும் இன்டர்னுக்கு முதல் நாளே அரை நாள் செய்முறைப் பயிற்சி ஆகிய இரண்டும் பெரிய செலவில்லாதவை. அவற்றைச் செய்யும் அதிகாரம் கண்காணிப்பாளரிடமே இருக்கிறது.

2013 முதல் கென்யாவின் மருத்துவமனைகள் பல ஒரே மாதிரிப் படிவத்திலிருந்து தகவல் திரட்டி, தங்கள் எண்களை மற்ற மருத்துவமனைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வலையமைப்பில் சேர்ந்திருக்கின்றன. அப்படி எதுவும் இல்லாத மருத்துவமனையும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் நான்கு எண்களை எழுதத் தொடங்கலாம்: வாசலில் நுழைந்ததிலிருந்து முதல் ஆன்டிபயாடிக் ஊசி வரை எத்தனை நிமிடம், சேர்த்த குழந்தைகளில் எத்தனைக்கு ஆக்சிஜன் அளவு எழுதப்பட்டது, எழுதிக்கொடுத்த இரவு மருந்துகளிலும் பாலிலும் எத்தனை உண்மையில் கொடுக்கப்பட்டது, முதல் 24 மணி நேரத்தில் எத்தனை குழந்தைகள் இறந்தன. மாதம் ஒருமுறை மருத்துவர், நர்ஸ், மருந்தாளுநர், ஸ்டோர் கீப்பர் நால்வரும் உட்கார்ந்து, யார் மீதும் பழி போடாமல், இறந்த ஒவ்வொரு குழந்தையின் கேஸ் ஷீட்டையும் மணி மணியாகப் படிக்க வேண்டும். ஸ்டோர் கீப்பரை விட்டுவிடக் கூடாது. குளுக்கோஸ் ஆம்பூல் தீர்ந்து எத்தனை நாளாயிற்று என்பது அவருக்குத்தான் தெரியும்.